ஆள் ஏறலாம்

பம்பாய்,
1898 ஜூன் 9

கர்த்தருக்குள் பிரியமான அக்கா ஜூடித்துக்குத் தம்பி மாணிக்கராஜ் எழுதிக்கொண்டது. நான் சுகம். நீயும் ஏசுபாதம் மாமாவும் குழந்தை வின்னியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். வின்னியின் காதுவலி எப்படி இருக்கிறது?

திங்கட்கிழமை உன்னிடம் சொல்லிக்கொள்ளாமலே ரயில் ஏறியதற்குக் கோபமாயிருப்பாய். பென்ரோஸ் துரை அவசரப்படுத்திவிட்டார். ஆறு மாச லீவில் ஜெர்மனி தேசம் போகிறார்; அவர் தங்கை அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அந்தத் தேசத்திலேயே உயரமான மலையில் ஏற வேண்டுமென்று துரைக்கு ரொம்ப நாள் ஆசை. செங்குத்துப் பாறையில் ஆணி அடித்து இரும்புக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்களாம். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டுமாம். "கயிற்றை நம்பிப் போகிறவனுக்குக் கயிறு தெரிந்தவன் துணை வேண்டும், நீ வா" என்றார். நம்ம தங்கச் சுரங்கத்து ஷாப்ட் ரோப்புகளுக்கெல்லாம் கையெழுத்துப் போடுகிற என்ஜினியர் துரை வாவென்றால், வரமாட்டேன் என்று ரோப்புக்காரன் சொல்ல முடியுமா?

என் வேலையை நாகேஷ் பார்த்துக்கொள்வான். காலையில் பலகையில் எழுதிவிட்டுத்தான் கிளம்பினேன். கவலைப்பட ஒன்றுமில்லை. நாளை கப்பல். துரையின் தங்கை வீட்டு விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

மாமாவுக்கு என் தோத்திரம்.

உன் தம்பி,
மாணிக்கராஜ்


ஊரிகம்,
1898 ஜூன் 28

தம்பி மாணிக்கராஜுக்கு அக்கா ஜூடித்தின் ஆசீர்வாதம். நாங்கள் சுகம். வின்னிக்குக் காதுவலி நின்று இருமல் பிடித்திருக்கிறது. உன் உடம்பு எப்படி என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

கோபமாயிருப்பாய் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆமாம், கோபம்தான். அம்மா செத்தபோது உனக்கு ஒன்பது வயசு. உன்னை இடுப்பில் வைக்க முடியாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குடியாத்தத்திலிருந்து வந்தவள் நான். சந்தைக்குப் போகிறவன்கூட வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறான். நீ கடல் தாண்டிப் போகிறாய், எனக்குச் செய்தி சொன்னது பால்காரி வெங்கடம்மா.

அது கிடக்கட்டும். உன் வேலையை உனக்கே சொல்கிறேன், கப்பல் காற்றில் மறந்திருப்பாய். பன்னிரண்டு வருஷமாக நீ காலை ஐந்து மணிக்கு ஷாப்ட் வாசலில் நிற்பாய். ரோப்பை மெதுவாக ஓடவிட்டு, கையில் பஞ்சைச் சுற்றி அதைப் பிடிப்பாய். எங்கே கம்பி அறுந்து நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கே பஞ்சு மாட்டும். மாட்டுகிற ஒவ்வொரு இடத்துக்கும் நூலில் ஒரு முடிச்சுப் போடுவாய். கை இரண்டையும் விரித்தால் வருகிற ஒரு பாக நீளத்துக்குள் ஆறு முடிச்சு தாண்டினால் பலகையில் "கல் மட்டும்" என்று எழுதுவாய். அன்றைக்கு ரோப்பில் தொங்குகிற கேஜ் கூண்டில் கல்தான் ஏறும், ஆட்கள் ஏணி வழியாக இறங்குவார்கள். தாண்டாவிட்டால் "ஆள் ஏறலாம்." இதைச் சோறு போடும்போதெல்லாம் எனக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிவிட்டது.

நீ அவிழ்த்துப் போட்டுப் போன சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் ஒரு நூல். நெருக்கமாகப் பதினொரு முடிச்சு. இரண்டு தரம் எண்ணினேன்.

இது எந்த ரோப்பு? எந்த நாள்? அன்றைக்குப் பலகையில் என்ன எழுதினாய்?

இன்னொன்றும் கேட்டுக்கொள். உன் நாகேஷுக்கு இன்ஜினுக்கு எண்ணெய் விடத் தெரியும், எழுத்துத் தெரியாது. நீ கடைசியாக எழுதின எழுத்தின் மேலேயே தினமும் சாக்குக்கட்டியால் தடவிப் புதுசாக்குகிறான். படிக்கத் தெரியாதவன் கோலத்தின் மேல் கோலம் போடுகிற மாதிரி சுழித்துச் சுழித்துப் போடுகிறான். ஆகவே நீ கப்பலில் போனாலும் உன் கையெழுத்து இங்கேயேதான் இருக்கிறது. அதைப் பார்த்து முந்நூறு பேர் இறங்குகிறார்கள். உன் மாமாவும் அதில் ஒருவர்.

உடனே பதில் எழுது.

ஜூடித்


பார்த்தென்கிர்ஷன்,
1898 ஜூலை 6

பிரியமான அக்காவுக்குத் தம்பியின் தோத்திரம். நான் சுகம். வந்து சேர்ந்து நாலு நாளாகிறது. உன் கடிதம் இன்னும் வரவில்லை. வின்னி சுகமா? மாமாவுக்கு இந்த மாசம் எந்த ஷிப்ட்?

மலையைப் பார்த்துவிட்டேன். நம்ம ஊரில் சுரங்கத்துக் கழிவு கொட்டின வேஸ்ட் மேட்டை மலையென்று சொல்லிக்கொண்டிருந்தோமே, வெட்கமாயிருக்கிறது. அதன் பேர் சுக்ஷ்பிட்ஸே. வாயில் நுழையாததால் நான் சுக்குப் பிட்டு என்று வைத்துக்கொண்டேன். துரை கேட்டுவிட்டு "என்ன அர்த்தம்?" என்றார். தின்கிற பண்டம் என்றேன். ஆனி மாசத்திலும் அதன் தலையில் பனி கிடக்கிறது. மேலே பொன்முலாம் பூசிய சிலுவை ஒன்று நிற்கிறதாம்.

துரை எனக்கு அடியில் ஆணி அடித்த பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நேற்று அடிவாரத்தில், பழகுவதற்காகக் கட்டியிருக்கும் ஒரு சின்னக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தோம். நம்ம வழக்கப்படி பஞ்சை வைத்து இழுத்தேன். ஒரு நார்கூட மாட்டவில்லை. பலகை இருந்தால் "ஆள் ஏறலாம்" என்று எழுதி மாட்டியிருப்பேன். துரை சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

சாப்பாடுதான் கஷ்டம். எல்லாவற்றிலும் உருளைக்கிழங்கு. உன் கை மிளகு ரசத்தை நினைத்தால் அழுகை வருகிறது.

தம்பி மாணிக்கராஜ்


பார்த்தென்கிர்ஷன்,
1898 ஜூலை 22

பிரியமான அக்காவுக்குத் தோத்திரம். சுகம், சுகத்துக்கு எழுதவும். ஜூன் 28-ம் தேதிக் கடிதம் வந்தது. வின்னிக்குத் துளசிச் சாறு கொடு.

நீ வீணாக மனசைப் போட்டு அலட்டிக்கொள்கிறாய். அந்த நூல் பழசு. எந்த ரோப்போ, எப்போதோ, ஞாபகமில்லை. சட்டைப் பையில் ஆயிரம் குப்பை கிடக்கும். எப்படியும் புது ரோப்புக்கு ஆர்டர் போய்விட்டது, அடுத்த கப்பலில் வருகிறது. துரையே தம் வாயால் சொன்னார். அதுவரைக்கும் ஒன்றும் ஆகாது.

இங்கே ஓயாமல் மழை. மலையில் ஏற வெயில் வரக் காத்திருக்கிறோம். அடிவாரத்து வீடுகளின் சுவரிலெல்லாம் வேதாகமப் படம் எழுதியிருக்கிறார்கள், நீ பார்த்தால் சந்தோஷப்படுவாய்.

நாகேஷிடம் பஞ்சை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளச் சொல்.

மாணிக்கராஜ்


ஊரிகம்,
1898 ஜூலை 27

தம்பிக்கு. நாங்கள் உயிரோடிருக்கிறோம். நீ சுகமென்பது உன் ஜூலை 6-ம் தேதிக் கடிதத்தில் நன்றாகத் தெரிகிறது.

அந்தக் கடிதம் வந்தபோது வீட்டில் பக்கத்து லைன் வீட்டுப் பாப்பம்மாவும் இன்னும் நாலு பேரும் இருந்தார்கள். படியென்று வற்புறுத்தினார்கள், படித்தேன். சுக்குப் பிட்டு என்றதும் சிரித்தார்கள். "ஆள் ஏறலாம்" என்ற இடம் வந்ததும் இன்னும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. எந்த வார்த்தையை நம்பி அவர்கள் புருஷன்மார் ஆயிரத்து எண்ணூறு அடி இறங்குகிறார்களோ, அந்த வார்த்தையைத் துரையைச் சிரிக்கவைக்க விற்றுவிட்டாய். உன் வாயில் அடிக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை கேஜ் பாதி வழியில் துள்ளி நின்றது. உள்ளே இருபது பேர். ஒருத்தன் மண்டை உடைந்தது. மறுநாள் காலை யாரும் ஏற மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். மேஸ்திரி தாமோதரன் பலகையைக் கையால் தட்டி, "இது இன்னா, என் கையெழுத்தா? மாணிக்கம் எழுதினது. அவன் பஞ்சு பொய் சொல்லுமா?" என்றானாம். அப்போதும் நின்றார்கள். உன் மாமாதான் முதலில் போய்க் கேஜில் ஏறினார். மச்சினன் எழுத்தை மாமனே நம்புகிறான், நமக்கென்ன என்று மற்றவர்களும் ஏறிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவரைக் கேட்டேன். "வேலைக்குப் போறவன் ஏறித்தானே ஆவணும்" என்றார், சட்டியைப் பார்த்துக்கொண்டு.

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கடிதம் வர இருபது நாள், போக இருபது நாள். இந்த நாற்பது நாளும் காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதும்போது நான் அடுப்பங்கரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீ அங்கே வெயிலுக்குக் காத்திரு.

ஜூடித்


ஊரிகம்,
1898 ஆகஸ்ட் 12

மாணிக்கராஜுக்கு.

ஜூலை 22-ம் தேதிக் கடிதம் வந்தது. நூல் பழசாம். அந்தச் சட்டை நான் ஈஸ்டருக்குத் தைத்துக் கொடுத்தது, அதற்குள் எந்தப் பழைய நூல் வந்து உட்கார்ந்தது? ரோப்பு நன்றாயிருந்தால் புது ரோப்பு எதற்கு? பொய் சொல்லத் தெரியாதவன் ஏன் சொல்கிறாய்? சின்ன வயசில் வெல்லம் திருடினால்கூட உனக்கு வாயைத் துடைக்கத் தெரியாது.

ஸ்டோர் குமாஸ்தா மரியகுழந்தையைக் கோயிலில் பிடித்துக் கேட்டேன். பாவம், ஞானப்பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டார். ஷாப்டுக்கு எந்த ரோப்பும் ஆர்டர் போகவில்லை. கப்பலிலும் வரவில்லை, ரயிலிலும் வரவில்லை. அவர் கையைத் தாண்டி ஒரு ஆணி உள்ளே வராது.

உனக்கு ஒரே ஒரு கேள்வி. நீ கிளம்பின அன்று பஞ்சு எத்தனை தரம் மாட்டியது? எண்ணிக்கையை மட்டும் எழுது. சுகமா என்று கேட்காதே, துளசிச் சாறு சொல்லாதே.

ஜூடித்


பார்த்தென்கிர்ஷன்,
1898 ஆகஸ்ட் 18

அக்காவுக்கு.

இதற்கு முன்னால் என் தந்தி வந்திருக்கும். வந்திருக்க வேண்டும், தேவனே. காலையில் பூட்ஸைச் செருப்புக் கடையில் விற்று, உன் விலாசமும் இரண்டு சொல்லும் அனுப்பினேன். தந்தி ஆபீஸ்காரன் எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டு, இது எந்த பாஷை என்றான். கோலார் பாஷை என்றேன்.

நீ ஜூலை 27-ம் தேதி எழுதினது திங்கட்கிழமை வந்தது. கேஜ் துள்ளியது, மாமா முதலில் ஏறியது எல்லாம் படித்தேன். படித்துவிட்டும் துரையிடம் ஒன்றும் சொல்லாமல், மறுநாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கிளம்பினேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் சாயங்காலம் பள்ளத்தாக்குக்குள் இருக்கும் மரக்குடிசையில் தங்கி, நேற்று விடிந்ததும் ஏற ஆரம்பித்தோம். துரை, வழிகாட்டி, நான், மூன்று பேர். முதலில் பாறையில் இரும்புப் படிகள். அப்புறம் ஒரு மொட்டைச் சுவர். அதில் வரிசையாக இரும்பு முளைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. காலை முளையில் வைத்து, கையால் கயிற்றைப் பிடித்து, பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர வேண்டும். நம்ம ஷாப்டில் இருட்டாயிருப்பதால் ஆழம் தெரிவதில்லை. இங்கே பட்டப்பகலில் தெரிகிறது. அதைத் தாண்டினால் ஐஸ் மைதானம், அதன் விளிம்பில் மறுபடியும் பாறை, மறுபடியும் கயிறு, உச்சி வரைக்கும்.

துரை ஏற்பாடு இது: நான் முன்னால் போய்ப் பஞ்சை வைத்துப் பார்த்து, சரியென்று கத்தினால்தான் அவர் கயிற்றைத் தொடுவார். பஞ்சு எங்கும் மாட்டாமல் வந்தது. ஐஸைத் தாண்டின சுவரில், பனிக்காலத்தில் கல் விழுந்து நசுக்கிய இடத்தில் மாட்டியது. மூன்று கம்பி. "மூன்று துரை!" என்று கத்தினேன்.

துரை முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "மூன்றா? நன்றாகப் பார். மறுபடியும் பார்" என்றார். அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். வழிகாட்டி சிரித்துக்கொண்டே அந்த இடத்தைத் தாண்டிப் போய்க் காட்டினான். துரை அசையவில்லை. மேலேயிருந்து சணல் கயிறு கட்டி, முளை ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்து, பாரத்துக்கு என்னை மூட்டையோடு இரண்டு தரம் போய்வரச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அவர் அதில் கை வைத்தார். மூன்று கம்பிக்கு, அக்கா.

உச்சிக்குப் போனோம். சிலுவை இருந்தது. நாலு தேசம் தெரிகிறதென்று வழிகாட்டி விரலால் காட்டினான். நான் ஒரு தேசத்தையும் பார்க்கவில்லை. துரை என் தோளைத் தட்டி, "மூன்றே மூன்று இருந்தும் சொன்னாயே, உன்னைப் போல நம்பிக்கையான ஆள் கிடைக்காது" என்றார்.

"ஊரில் பதினொன்று இருக்குது துரை" என்றேன்.

"அது வேறு. அந்த ரோப்பு இன்னும் ஒரு வருஷம் தாங்கும். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்."

"இந்தக் கயிற்றுக்கு ஏன் கணக்குப் போடவில்லை?"

அவர் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார். புது ரோப்பு எங்கே என்றேன். வருகிற வருஷ எஸ்டிமேட்டில் எழுதியிருப்பதாகச் சொல்லி, எனக்கும் ஒரு துண்டு ரொட்டி நீட்டினார். அதை வாங்கி ஐஸில் எறிந்தேன். அக்கா, அவரைப் பிடித்துத் தள்ளிவிட எனக்கு ஒரு நிமிஷம் கை வந்தது. சிலுவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

இனி உன் கேள்வி. அந்த நூல் ஜூன் 6-ம் தேதிக் காலை நூல். பதினொன்று எண்ணினேன். பலகையில் "கல் மட்டும்" எழுதப் போய் "க" போட்டுவிட்டேன். துரை பக்கத்தில் நின்றிருந்தார். "அதை எழுதினால் விசாரணை வரும், என் லீவு போகும், நீயும் வர முடியாது. புது ரோப்பு இரண்டு மாசத்தில் வந்துவிடும்" என்றார். நான் "க"வை அழித்தேன். அவர் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. சாக்குக்கட்டி என் கையில்தான் இருந்தது. எனக்குக் கப்பல் ஏற ஆசையாயிருந்தது, அவ்வளவுதான்.

மாமா பிழைத்திருந்தால் அவர் காலில் விழுந்தேன் என்று சொல்.

மாணிக்கராஜ்


ஊரிகம்,
1898 ஆகஸ்ட் 24

மாணிக்கராஜுக்கு.

தந்தி வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் இருந்ததால் தபால்காரனுக்குப் புரியவில்லை, "இன்னாம்மா இது, யாராவது பூட்டாங்களா?" என்றான். நான் கூட்டிப் படித்தேன். கல் மட்டும்.

உன் மாமா அன்றைய ஷிப்டிலிருந்து மேலே வரும் வரைக்கும் நான் உட்காரவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு ஷாப்ட் வாசலுக்குப் போனேன். பொம்பளை அங்கே வரக்கூடாது என்று தாமோதரன் ஓடிவந்தான். "இன்னா ஜூடித்தம்மா, ஆம்பளைங்க எடத்துல உனுக்கு இன்னா வேல?" "எனக்குப் பலகையாண்ட வேல" என்றேன். முந்தானையால் உன் எழுத்தைத் துடைத்தேன். எழுபத்தைந்து நாள் தடவித் தடவிக் கல்லாயிருந்தது, எச்சில் தொட்டுத் தேய்க்க வேண்டியதாயிற்று. "கல் மட்டும்" என்று எழுதி, தந்தியை எல்லாரும் கேட்கப் படித்தேன்.

ஒருத்தனும் ஏறவில்லை. தாமோதரன் கத்தினான், கெஞ்சினான், வேலையிலிருந்து நீக்குவேன் என்றான். எல்லாரும் ஏணிப் பக்கம் திரும்பிவிட்டார்கள். கல் தூக்கிய இரண்டாம் நாள், திங்கட்கிழமை, ரோப்பைச் சுற்றி இழுக்கிற வைண்டிங் இன்ஜின்காரனே பயந்து நிறுத்திவிட்டான். சுரங்க மானேஜரான பெரிய துரை வந்து பார்த்து, வேறு ஷாப்டிலிருந்து ரோப்புக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். பழசை வெட்டும்போது உள்ளே இருக்கும் சணல் மக்கித் தூளாகக் கொட்டியதாம்.

யாரும் சாகவில்லை. கேட்டுக்கொண்டாயா? சந்தோஷப்படு.

இப்போது மீதியைக் கேள். நான் தந்தி படித்தபோது அத்தனை பேர் முகமும் மாறியது. உன் மாமா முகம் மட்டும் மாறவில்லை. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக் கேட்டேன். சொல்லிவிட்டார். "அன்னிக்கு நானு பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். அவன் முடிச்சுப் போடறப்போ நானும் எண்ணினேன். பதினொண்ணு. அப்புறம் அவன் ஆள் ஏறலாம்னு எழுதிட்டான். நான் ஏறலேன்னா அவன் எழுதினது பொய்னு ஆயிடும். ஒன் தம்பி பேரு பூடும்னு ஏறினேன்."

உன் பேருக்காகத் தினமும் ஏறினாராம். கேஜ் துள்ளின மறுநாளும் உன் பேருக்காகத்தான் முதலில் ஏறினாராம். அவரைப் பார்த்துத்தானே மற்றவர்கள் ஏறினார்கள்? நான் கையிலிருந்த கரண்டியை வீசினேன். அவர் மேல் படவில்லை, பட்டிருக்கலாம்.

நாலு நாளாக அவருக்குச் சோறு போடுகிறேன், பேசுவதில்லை.

ஜூடித்


ஊரிகம்,
1898 செப்டம்பர் 12

மாணிக்கராஜுக்கு.

நீ மலை ஏறின கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. உடனே எழுதினால் வாயில் வராத வார்த்தையெல்லாம் வரும் என்று பொறுத்தேன். பொறுத்ததில் கோபம் குறையவில்லை.

இங்கே நீ பெரிய ஆளாகிவிட்டாய். கடல் தாண்டிப் போயும் நம்மை மறக்காமல் தந்தி அடித்தான் மாணிக்கம் என்று லைன் முழுக்கப் பேச்சு. சபையில் எழுந்து நின்று உனக்காக ஜெபம் பண்ணினார்கள். பாப்பம்மா மாரியம்மன் கோயிலில் உன் பேருக்குத் தேங்காய் உடைத்து, பாதி மூடியை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் மகன் அந்தக் கேஜில் எழுபத்தைந்து நாள் போய்வந்தவன். நான் அந்தத் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அரைக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

பழைய எழுத்து யாருடையது என்று யாருமே கேட்கவில்லை. நாகேஷ் தப்பாகத் தடவிவிட்டான் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். அவனை வேலையிலிருந்து நீக்கியாயிற்று. எழுத்துத் தெரியாதவன், தான் என்ன தடவினோம் என்றே அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் பெண்சாதி கிருஷ்ணம்மா கைக்குழந்தையோடு என் வாசலில் வந்து அழுதாள். "உங்க தம்பி வந்தா சொல்லுவாருல்ல அக்கா?" என்றாள்.

உன் மாமா என்னை வாயைத் திறக்காதே என்கிறார். யாரும் சாகலியே, வுட்டுடு என்கிறார். யாரும் சாகாததால் அது சரியாகிவிட்டதா? செத்தால்தான் அது பொய்யா?

உன் கடிதத்தை நானே ஷாப்டில் படித்துவிடலாம். படிக்க மாட்டேன். தந்தியை நான் படித்ததே போதும். இது நீ சொல்ல வேண்டியது. வா. ஷாப்ட் வாசலில் நின்று, ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரும் கேட்க, பதினொன்று எண்ணினேன், ஆள் ஏறலாம் என்று எழுதினேன் என்று சொல். நாகேஷ் பேரையும் சொல். உன் மாமாவை நான் உன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறேன், அவர் தம் பங்கைச் சொல்லட்டும். சொல்லிவிட்டு வீட்டுக்குச் சாப்பிட வா. சொல்லாமல் வந்தால் உனக்கு இங்கே வீடு இல்லை, எனக்குத் தம்பியும் இல்லை.

காலில் விழுகிறதெல்லாம் எனக்கு வேண்டாம்.

ஜூடித்


பம்பாய்,
1898 அக்டோபர் 25

அக்காவுக்கு மாணிக்கராஜ் எழுதிக்கொண்டது. உடம்பு சுகம். உன் சுகத்தை நேரில் கேட்கிறேன், நீ சொல்வதாயிருந்தால்.

மலையிலிருந்து இறங்கின மறுநாளே துரை என்னை நீக்கிவிட்டார். அந்த வழிகாட்டி தன் வீட்டில் இடம் கொடுத்தான். ஒன்றரை மாசம் மலைக்குடிசைக்கு விறகு சுமந்தேன். உன் கடைசிக் கடிதம் அங்கேதான் வந்தது. அடுத்த வருஷம் கயிறு பார்க்க ஆள் வேண்டும், இங்கேயே இரு என்றான். நல்ல சம்பளம், யாருக்கும் என்னைத் தெரியாது. இரண்டு நாள் யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அப்புறம் கப்பலில் கரி தள்ளிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ரயில் வந்து சேரும். வீட்டுக்கு வரமாட்டேன். ஸ்டேஷனிலிருந்து நேரே ஷாப்டுக்குப் போகிறேன். நாகேஷை எப்படியாவது அங்கே வரச் சொல். சொல்ல வேண்டியதைக் கப்பலில் கரி தள்ளும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன், நாலு வரிதான்.

மாமாவை இழுத்துக்கொண்டு வராதே. வந்தால் அவராக வரட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நீ அங்கே வராதே, அக்கா. நீ நின்றால் அவர்கள் என்னை அடிக்க யோசிப்பார்கள்.

மாணிக்கராஜ்